சிறப்பு விருந்தினரின் கோல்

எங்கள் மாவட்டக் கால்பந்து வளர்ச்சிக் கழகத்தை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரு கழகத்தால் எதையெல்லாம் வளர்க்க முடியுமோ அத்தனையையும் அது வளர்த்திருக்கிறது. பந்தல்காரர் வளர்ந்தார். மைக்செட்காரர் வளர்ந்து மாடி வீடு கட்டினார். செங்கல்பட்டு பஜாரில் பொன்னாடை விற்றவர் பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கால்பந்து மட்டும் கொஞ்சம் சவலையாக நின்றுவிட்டது. அதற்குக் கழகம் என்ன செய்யும்?

தொண்ணூற்றேழாம் வருஷம் எங்கள் செய்யூர் அணி இரண்டாவது டிவிஷனில் ஜெயித்து முதல் டிவிஷனுக்கு ஏறியது. நானும் அந்த அணியில் இருந்தேன். மாற்று ஆட்டக்காரன். யாருக்காவது அடிபட்டால், என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்குமா என்றுதான் முதலில் தேடுவார்கள். அதனால் அந்த வருஷத்து ஆட்டங்களை முழுசாக உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் மேனேஜர் திருவேங்கடம். கால்பந்து தெரிந்ததால் அவர் மேனேஜர் ஆகவில்லை, டெம்போ இருந்ததால் ஆனார். வாரத்தில் ஆறு நாள் அந்த டெம்போவில் சவுக்குக் கட்டை, வேர்க்கடலை மூட்டை, கோடை வந்தால் தர்பூசணி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள். நல்ல மனுஷன். யார் எது சொன்னாலும் அதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று நம்பிவிடுவார். அந்த வியாதிக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

கோல்கீப்பர் பன்னீர்செல்வம் அவருடைய மச்சான், சம்சாரம் சின்னப்பொண்ணுவின் தம்பி. பன்னீர் கோல்கீப்பிங் கற்றுக்கொண்டது தர்பூசணித் தோட்டத்தில். கீழே நிற்கிறவன் பழத்தைத் தூக்கிப் போடுவான். டெம்போ மேலே நிற்கிறவன் பிடித்து அடுக்க வேண்டும். விட்டால் பழம் சிதறிவிடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வேலை செய்கிறவன், ஒரு பழத்தைக்கூட விட்டதில்லை. தர்பூசணியைப் பிடித்த கைக்குக் கால்பந்து பஞ்சு மாதிரி.

முதல் டிவிஷனுக்கு ஏறியதில் எங்களுக்கெல்லாம் பெருமை. பன்னீருக்கு மட்டும் அது பிழைப்பு. கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய நிறுவனம். அங்கே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை காலியாக இருந்தது. நிர்வாக அதிகாரி ராமானுஜம் சார் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார். "கோல்கீப்பர் எங்களுக்குக் கண்டிப்பா வேணும் தம்பி. ஆனா ரெண்டாவது டிவிஷன் ஆளை எடுத்தேன்னா மேலே கேள்வி கேப்பாங்க. உங்க டீம் முதல் டிவிஷன்ல ஒரு வருஷம் நின்னு காட்டட்டும். வருஷக் கடைசியில நானே வந்து பாக்கறேன்" என்றார். அடுத்த வருஷம் பன்னீருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இந்த ஒரு வருஷம்தான். அணி நின்றால் வேலை, இறங்கினால் டெம்போ.

"டேய் பன்னீரு, நீ எத்த வுட்டாலும் சரி, இந்த ஒரு வேலைய வுட்றாத" என்றாள் சின்னப்பொண்ணு. புருஷனிடமும் சொன்னாள். "இந்தாய்யா, நீ அங்க போய் ஆருக்குன்னா தலையாட்டிக்கினு வந்த, அப்புறம் இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது."

திருவேங்கடம் அதற்கும் தலையாட்டினார்.

*

புது அணிக்குக் கழகம் வரவேற்பு விழா எடுத்தது. செங்கல்பட்டு மைதானத்தில் பந்தல். பந்தலுக்குள் கழகம், வெயிலில் நாங்கள். 'வருக வருக' என்று பெரிய துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். காற்றில் அது புரண்டபோது பின்பக்கம் 'சென்று வருக' என்று இருந்தது. திருவேங்கடம் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் எழுதிக்கீறாங்க பாரு, இன்னா மரியாத" என்றார்.

கழகத் தலைவர் செங்கல்வராயன் அரிசி ஆலை முதலாளி. கால்பந்தை மாலையோடு சேர்த்துத்தான் பார்த்திருக்கிறார். அவர் எங்கள் பதினாறு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை ஒன்றுதான். போர்த்தியதும் போட்டோ. போட்டோ எடுத்ததும் ஒருவர் வந்து தோளிலிருந்து உருவிக்கொண்டு போய் அடுத்தவனுக்குக் கொடுப்பார். எனக்கு வரும்போது அது பதினைந்து பேர் வியர்வையில் நனைந்து ஈரத்துணியாகியிருந்தது. போட்டோவில் தெரியாது என்றார்கள். உண்மைதான், தெரியவில்லை.

பிறகு செயலாளர் பக்தவத்சலம் பேசினார். அவர் பேச எழுந்தால் மைக்செட்காரர் தேநீர் குடிக்கப் போய்விடுவார், அத்தனை நேரம் கிடைக்கும்.

"புதிதாக ஏறி வரும் அணிகளை நான் பல ஆண்டுகளாக உற்று நோக்கி வருகிறேன். அவர்களுக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் துள்ளல். ரெண்டு ஆட்டம் ஜெயிப்பார்கள். அடுத்தது திணறல். மூன்றாவது புலம்பல். ரெஃப்ரி சரியில்லை, மைதானம் சரியில்லை என்பார்கள். கடைசிக் கட்டம் பக்குவம். அப்போது இறங்கிவிடுவார்கள். இதுவரை ஏறிய எந்த அணியும் முதல் வருஷத்தில் இறங்காமல் இருந்ததில்லை. இது கழகத்தின் மரபு. தோற்பது புதியவர்களின் உரிமை. அந்த உரிமையை யாரும் பறிக்கக் கழகம் ஒருநாளும் அனுமதிக்காது!"

கைதட்டல் பிரமாதம். நாங்களும் தட்டினோம். வெயிலில் நின்ற மயக்கத்தில் எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியவில்லை.

*

அங்கேதான் அந்த வழக்கம் எங்களுக்குத் தெரியவந்தது. கழகம் நடத்தும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சிறப்பு விருந்தினர் உண்டு. விருந்தினர் இல்லாமல் விளையாடினால் அது ஆட்டமாகவே எண்ணப்படாது. அவர் வந்து முதல் உதை உதைக்க வேண்டும். மற்ற ஆட்டங்களில் காலி கோலில் அடித்துவிட்டுப் போய் உட்காருவார். ஆனால் புது அணி ஆடும் ஆட்டம் என்றால், அந்த அணியின் கோல்கீப்பர் கோலில் நின்று, விருந்தினர் அடிக்கும் பந்தை மரியாதையோடு உள்ளே விட வேண்டும்.

"ஏன் சார் எங்க கோல்ல மட்டும்?" என்று பக்தவத்சலத்திடம் கேட்டார் திருவேங்கடம்.

"மூத்த அணிகளோட கோல்ல அடிச்சா அவங்க மனசு புண்படாதா? நீங்க வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி. காலைத் தொட்டுக் கும்பிடறது யாரு, மருமகளா மாமியாரா?"

திருவேங்கடம் யோசித்தார். அதில் ஏதோ நியாயம் இருந்தது.

முதல் ஆட்டம் ஊரப்பாக்கத்தோடு. விருந்தினர் ஒரு நகைக்கடை அதிபர். ஓடி வந்து ஓங்கி ஒரு உதை விட்டார். பன்னீர் என்ன செய்வான் பாவம், பந்து வந்தது, பிடித்துவிட்டான். பிடித்து, பழக்கத்தில் குனிந்து பக்கத்தில் பதமாக வைத்தான்.

நகைக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பக்தவத்சலம் பந்தலிலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யோவ் மேனேஜர், என்னய்யா இது? பெரிய மனுஷன் அடிச்ச பந்தை இப்படிப் பட்டுன்னு பிடிக்கிறதா? தராதரம் தெரிய வேண்டாமா?"

"தம்பிக்குக் கை அப்டி சார். எது வந்தாலும் நின்னுடும்."

"நிக்கக்கூடாதுய்யா!"

விருந்தினரிடம் பன்னீர் மன்னிப்புக் கேட்டான். அவர் மறுபடியும் அடித்தார். பன்னீர் மறுபடியும் பிடித்தான். மூன்றாவது முறை திருவேங்கடம் அவனுடைய இரண்டு கைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். பந்து உள்ளே போனது. பட்டாசு வெடித்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் நடந்தது. இரண்டு கோல் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம். கடைசிக் கால் மணி நேரம் ஊரப்பாக்கத்துக்காரர்கள் பாதிப் பேர் ரயிலுக்குப் போய்விட்டதும் ஒரு காரணம்.

அடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தோம். பக்தவத்சலம் வந்து முதுகில் தட்டினார். "துள்ளல்" என்றார்.

*

அதன் பிறகு கழகத்திலிருந்து எங்கள் செய்யூர் மைதானத்தைப் பரிசோதிக்க ஒரு குழு வந்தது. தலைவர், செயலாளர், ஒரு டிரைவர். சின்னப்பொண்ணு வீட்டில் கோழி அடித்துச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து மைதானத்துக்கு வந்ததும்தான் அளவு நாடாவை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. அதனால் என்ன, தலைவரின் குடை இருந்தது. டிரைவர் குடையைப் படுக்க வைத்து எடுத்து, படுக்க வைத்து எடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தார்.

"நாலு குடை குறையுது" என்றார் பக்தவத்சலம்.

"சார், என்னாண்ட ஒரு குடை கீது. கொஞ்சம் சின்னது. அத்த வெச்சி அளந்தா சரியா வந்துடும்" என்றார் திருவேங்கடம்.

தலைவர் செங்கல்வராயன் அன்றைக்குத்தான் முதல் முறையாக வாயைத் திறந்தார். "தலைவர் குடை இருக்கையில் மேனேஜர் குடையில் அளப்பதா? இன்று குடையை மாற்றுவீர்கள். நாளை தலைவரையே மாற்றச் சொல்வீர்கள்."

அத்தோடு முடிந்தது. எங்கள் மைதானத்தில் ஆடக்கூடாது, சொந்த மைதான ஆட்டங்களையும் செங்கல்பட்டிலேயே ஆட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. ஆக அந்த வருஷம் நாங்கள் எல்லா ஆட்டத்துக்கும் விருந்தாளியாகத்தான் போனோம். டெம்போவில் வேர்க்கடலை மூட்டை மேல் உட்கார்ந்து போய் இறங்கினால், கால் மரத்துப்போய் முதல் பாதி முழுக்க நொண்டுவோம்.

தோற்கத் தொடங்கினோம். திணறல், என்றார் பக்தவத்சலம்.

ஆனாலும் ரொம்பத் தோற்கவில்லை. பன்னீர் கோலில் நின்றான். ஆட்டம் முழுக்க அடித்தாலும் அவனைத் தாண்டி ஒரு கோல் போடுவதற்குள் அந்தப் பக்கத்துக்காரனுக்குத் தொண்டை வறண்டுவிடும். ஜீரோவுக்கு ஜீரோ, ஜீரோவுக்கு ஜீரோ என்றே போய்க்கொண்டிருந்தது. இப்படியே டிரா பண்ணிப் பண்ணியே வருஷத்தை ஓட்டிவிடலாம் என்று எங்களுக்கும் தெம்பு வந்தது. மரபு கெட்டுவிடுமோ என்று கழகம் புள்ளிக் கணக்குப் பார்க்கத் தொடங்கியது.

அப்போதுதான் ஓய்வுபெற்ற ஒரு கல்வி அதிகாரி விருந்தினராக வந்தார். முதல் உதையில் கோல் போட்டார். அதற்குள் பன்னீர் கொஞ்சம் பழகியிருந்தான், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவான். மறுநாள் பேப்பரில் 'செய்யூர் ஆட்டம் கோல் இன்றி முடிந்தது' என்று வந்தது. அதிகாரி பேப்பரோடு நேரே பக்தவத்சலம் வீட்டுக்குப் போய்விட்டார். "அப்ப நான் போட்டது என்ன? முட்டையா?"

கழகம் அவசரக் கூட்டம் கூட்டியது. எல்லா அணி மேனேஜர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பக்தவத்சலம் எழுந்தார். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"சமூகத்தின் பெரியவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். வயசான காலத்தில் முட்டி வலியோடு ஓடி வந்து அடிக்கிறார்கள். பந்து கோட்டைத் தாண்டுகிறது. கோல்கீப்பர் நிற்கிறார், வலை ஆடுகிறது. இதைக் கோல் அல்ல என்று சொல்ல நமக்கென்ன தகுதி இருக்கிறது? இனிமேல் சிறப்பு விருந்தினர் அடிக்கும் கோல் கோலாகவே எண்ணப்படும்!"

திருவேங்கடம் எழுந்து நின்றார். எழுந்தது அவருக்கே ஆச்சரியம். "சார், எண்ணிக்கோங்க, வேணாங்கல. ஆனா அது எங்க கோல்ல உழுவுதே சார். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு மின்னாடியே எங்க மேல ஒரு கோலு கீதே."

"அதுதானய்யா கௌரவம்! ஊர்ல எத்தனை டீம் இருக்கு, எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்குது?"

மற்ற அணி மேனேஜர்கள் மேஜையைத் தட்டி வரவேற்றார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்? ஒரு கோல் சும்மா கிடைக்கிறது. எனக்கு வாயில் வந்ததை அங்கேயே கேட்டிருப்பேன், என்னை வெளியே டெம்போவுக்குக் காவலாக உட்கார வைத்திருந்தார்கள்.

திருவேங்கடம் வெளியே வந்து என்னிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, அவுரு சொல்றதுல எங்கயோ ஒரு தப்பு கீது. எங்கன்னுதான் தெரியல. உனுக்குத் தெரியிதா?"

*

புலம்பல் கட்டத்தைப் பற்றி விரிவாக எழுதினால் புலம்புகிறேன் என்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டுடியோக்காரர் ஒரு கோல், உர வியாபாரி ஒரு கோல், கண் டாக்டர் ஒரு கோல். கண் டாக்டர் கோல் கம்பத்துக்கு வெளியே அடித்தார், அவருக்குக் கோலாகத் தெரிந்தது, கொடுத்துவிட்டார்கள். எல்லா ஆட்டமும் ஒன்றுக்கு ஜீரோ. எங்கள் பையன்கள் உயிரைக் கொடுத்து ஒரு கோல் அடித்தால் அது டிரா. ஒருமுறை இரண்டு அடித்து ஜெயித்தும் விட்டோம். அன்றைக்குக் கழகத்தில் யாரும் எங்களோடு பேசவில்லை.

பன்னீர்தான் கரைந்துகொண்டிருந்தான். பந்தை உள்ளே விடுவது அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதிலும் கழகம் புதிதாக ஒரு அறிவுரை அனுப்பியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பது விருந்தினரை அலட்சியப்படுத்துவதாம். உண்மையாகவே பிடிக்க முயன்று, எதிர்ப்பக்கமாகப் பாய்ந்து, எழுந்திருக்கும்போது ஏமாந்த முகம் காட்ட வேண்டுமாம்.

தினம் சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு மச்சானும் மாமாவும் எங்கள் மைதானத்தில் பயிற்சி எடுப்பார்கள். திருவேங்கடம் இடப்பக்கம் அடிப்பார். பன்னீர் வலப்பக்கம் பாய வேண்டும். அடிப்பார், அவன் இடப்பக்கம் பாய்ந்து பிடித்துவிடுவான்.

"டேய், அந்தப் பக்கம்டா!"

"தெரியிது மாமா. கை தானா போவுது."

"கைய நீ சொல்ற மாரி கேக்கச் சொல்லுடா."

"இன்னா மாமா பேஜாரு இது. ஊர்ல அவன் அவன் புடிக்கறதுக்குப் பழவுறான். நான் வுடறதுக்குப் பழவிக்கினு கீறேன்."

சின்னப்பொண்ணு எங்களுக்கு நாஸ்தா கொண்டுவந்தவள் இதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "ஏன்யா, அந்தக் கழகத்துக்காரனுங்கோ பையித்தியமா, இல்ல நீங்க ரெண்டு பேரா?" என்று கேட்டாள். கடைசியில் பன்னீர் கற்றுக்கொண்டுவிட்டான். ஒரு நாள் அழகாகப் பாய்ந்து, பந்தை விட்டு, ஏமாந்த முகம் காட்டினான். திருவேங்கடம் கைதட்டப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

*

கடைசி ஆட்டம் மாமல்லபுரத்தோடு. டிசம்பர் மழை விட்டுவிட்டு அடித்து மைதானம் சேறாகக் கிடந்தது. டிரா செய்தால் முதல் டிவிஷனில் நிற்போம். தோற்றால் இறங்குவோம்.

டெம்போவிலிருந்து இறங்கியதும் பந்தலைப் பார்த்தோம். அதே பதாகை. இந்த முறை 'சென்று வருக' முன்பக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வழியனுப்பு விழா என்று நாயனக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், நாங்க இன்னும் எறங்கவே இல்லியே" என்றார் திருவேங்கடம்.

"பந்தலைப் போன மாசமே சொல்லிட்டோம். நாயனத்துக்கு வேற முகூர்த்தம் இருக்கு. நீங்க இறங்கற நேரம் பாத்தா நாங்க ஏற்பாடு பண்ண முடியும்?" என்றார் பக்தவத்சலம். பிறகு குரலைத் தாழ்த்திச் சந்தோஷமாகச் சொன்னார்: "இன்னிக்கு விருந்தினர் யாரு தெரியுமா? உங்க ராமானுஜம் சார். உங்க பையனுக்கு வேலை தரப்போறவர். உங்களுக்காகத்தான்யா நானே போய்க் கூட்டிட்டு வந்தேன்."

திருவேங்கடத்துக்குக் கால் சேற்றில் புதைந்தது. "சார், இன்னிக்கு ஒரு நாளு மட்டும் அந்த மொத ஒதைய வாணாம்னு வுட்ருங்க சார். உங்கள கையெடுத்துக் கும்புடறேன்."

"பைத்தியமாய்யா உனக்கு? அவரு ஆசையா ஷூ போட்டுட்டு வந்திருக்காரு. அவரை அவமானப்படுத்திட்டு அவர்கிட்டயே வேலை கேப்பியா?"

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

திருவேங்கடம் கோலுக்குப் போனார். நானும் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனேன். பன்னீருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"இன்னா மாமா பண்றது?"

"வுட்டுடு."

"வுட்டா எறங்கிடுவோம். எறங்கினா வேல இல்ல."

"புடிச்சா அவுரு மூஞ்சி சுருங்கிடும். அப்பவும் இல்ல."

"அப்ப ரெண்டுத்துலயும் இல்லியா?"

"வுட்டா, அப்பறம் ஒண்ணு அடிச்சி டிரா பண்ணலாம்டா. புடிச்சிட்டா அவுர மறுபடி சிரிக்க வைக்க முடியுமா?" திருவேங்கடம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "உங்க அக்காவுக்கு நான் இன்னா சொல்றது? வுட்டுடு மச்சான்."

ராமானுஜம் சார் புத்தம் புது வெள்ளை ஷூவில் வந்தார். கும்பிட்டார். ஓடி வந்து அடித்தார்.

பந்து புறப்பட்டது, ஆனால் போய்ச் சேரவில்லை. சேற்றில் உருண்டு, தயங்கி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. பன்னீர் அதற்குள் எதிர்ப்பக்கம் பாய்ந்து விழுந்து கிடந்தான். தலையைத் திருப்பினால் பந்து அப்படியே நிற்கிறது. நாயனக்காரர் ஊத எடுத்த நாயனத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராமானுஜம் சாரின் முகம் வாடத் தொடங்கியது.

பன்னீர் திருவேங்கடத்தைப் பார்த்தான். திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டார்.

பன்னீர் எழுந்திருக்கிற மாதிரி எழுந்து, வழுக்குகிற மாதிரி வழுக்கி, குதிகாலால் அந்தப் பந்தைத் தள்ளிவிட்டான். அது உள்ளே போனது. அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அறிவுரையில் சொன்ன ஏமாந்த முகம் என்று கழகம் நினைத்துக்கொண்டது. ராமானுஜம் சார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பந்தல் வரைக்கும் ஓடினார்.

அதற்குப் பிறகு பன்னீர் ஆடிய ஆட்டத்தை நான் இன்னொரு முறை பார்த்ததில்லை. மாமல்லபுரத்துக்காரர்கள் அடித்த அத்தனையும் அவன் கையில் போய் நின்றது. தலைக்கு மேலே வந்தது, காலுக்கடியில் வந்தது, மூன்று பேர் சேர்ந்து வந்து முட்டியது. ஒரு பெனால்டியும் பிடித்தான். எதிர் அணிக்காரன் ஒருத்தன் வந்து அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனான். முன்னால் எங்கள் பையன்கள் சேற்றில் விழுந்து எழுந்து ஒரு கோலுக்காகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கோல் விழுந்தது! கடைசி நிமிஷங்களில், கோலுக்கு முன்னால் நடந்த தள்ளுமுள்ளில் யார் காலிலோ பட்டுப் பந்து வலைக்குள் போய்விட்டது. நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். நான்கூட மைதானத்துக்குள் ஓடினேன், அந்த வருஷத்தில் முதல் முறையாக. திருவேங்கடம் அழுதுகொண்டே ரெஃப்ரியைத் தேடினார். ரெஃப்ரி மைதானத்தில் இல்லை. மேடையில் இருந்தார். தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.

"நான் பார்க்கலையே" என்றார் ரெஃப்ரி. ஈரப் பொன்னாடை அவர் கண்ணை மறைத்திருந்தது.

"ஆட்டம் நடந்துகினு இருக்கும்போது நீங்க ஏன் சார் மேடைக்குப் போனீங்க?" என்று திருவேங்கடம் கத்தினார். அந்த மனுஷன் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பக்தவத்சலம் மைக்கிலேயே பதில் சொன்னார். "தலைவருக்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறது. ரெஃப்ரியை மட்டும் கௌரவிக்காமல் அனுப்பக் கழகத்துக்கு மனம் வரவில்லை. செய்யூர் அணி கொஞ்சம் பக்குவத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்."

ஒன்றுக்கு ஜீரோ. நாயனம் ஊத ஆரம்பித்தது.

*

வழியனுப்பு விழாவில் எங்களை மேடை ஏற்றினார்கள். சேற்றோடு வரிசையாக நின்றோம். ராமானுஜம் சார் பேச வந்தார். அவருடைய வெள்ளை ஷூவை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

"என் வாழ்க்கையில் நான் அடித்த முதல் கோல் இது. இந்த நாளை மறக்கவே மாட்டேன். இந்த அணியின் கோல்கீப்பரை நான் ஒரு வேலைக்காக மனதில் வைத்திருந்தேன். இன்று அவர் பல பந்துகளைப் பிடித்தார், நன்றாகவே பிடித்தார். ஆனால் நான் பொறுப்பில் இருப்பவன். நாலு பேர் கேள்வி கேட்பார்கள். நான், ஐம்பத்தாறு வயசு, சர்க்கரை வியாதிக்காரன், அடித்த பந்து. அதுவும் எவ்வளவு மெதுவாகப் போச்சு, நீங்களே பார்த்தீர்கள். அதைக்கூடப் பிடிக்க முடியாத ஒருவரை நான் எப்படி கோல்கீப்பர் வேலைக்கு எடுக்க முடியும்? அவரே சொல்லட்டும்."

மைக்கை நிஜமாகவே பன்னீர் பக்கம் நீட்டினார்கள். அவன் திருவேங்கடத்தைப் பார்த்தான். திருவேங்கடம் வாயைத் திறந்தார். இதில் எங்கே நியாயம் என்று தேடிக்கொண்டிருந்தார் போல.

"முடியாது சார்" என்றான் பன்னீர்.

பலத்த கைதட்டல். ராமானுஜம் சார் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். உருவிக்கொண்டார்கள்.

கீழே இறங்கும்போது பக்தவத்சலம் அவன் தோளில் கை போட்டார். "மனசு தளராதே தம்பி. அடுத்த வருஷம் கடப்பாக்கம் ஏறி வராங்க. அவங்க கோல்கீப்பருக்கு விருந்தினர் உதையைச் சொல்லித் தர ஆள் வேணும். உன்னைவிட இயற்கையா விடறவன் மாவட்டத்துலயே கிடையாது. சம்பளம் ஒண்ணும் இல்லை. கௌரவம்."

டெம்போ வீட்டுக்கு வந்து நின்றது. வீட்டு வாசலில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், இன்னா ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. "சேறு கீது, குளிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கோடை வந்தது. தர்பூசணி லோடு. பன்னீர் வழக்கம்போல டெம்போ மேலே நின்றான். நானும் கீழே கூலிக்கு நின்றேன். முதல் பழத்தை எடுத்து, அவன் நெஞ்சுக்கு நேராகத்தான் போட்டேன். அவன் நன்றாகப் பார்த்தான், கையும் எழும்பியது, பிறகு உடம்பு மெல்ல எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. பழம் டெம்போ பலகையில் விழுந்து சிதறியது.

திருவேங்கடம் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "இன்னாடா மச்சான் ஆச்சு?"

பன்னீர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான்.

"ஒண்ணியும் இல்ல மாமா. பழவிப்போச்சு" என்றான்.